ஷேக்ஸ்பியர் ஏறாத மாடிப்படி

லண்டன் சதர்க்கில் உள்ள ஜார்ஜ் விடுதியின் படத்தைப் போட்டு, "ஷேக்ஸ்பியர் தங்கிக் குடித்த அதே கட்டடம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். சதர்க்கின் பெரும்பகுதியை எரித்த தீயில் பழைய ஜார்ஜும் போனது 1676-இல். இப்போது படத்தில் தெரியும் மர மாடம் அடுத்த ஆண்டு கட்டியது. அந்த இடத்தில் அதற்கு முன்பும் விடுதி இருந்தது உண்மைதான். அவருடைய நாடகங்கள் நடந்த குளோப் அரங்கும் சதர்க்கில்தான். அதனால் அவர் பழைய விடுதிக்கு வந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

சிலர் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரையும் இங்கே குடிவைக்கிறார்கள். அவருடைய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் யாத்ரீகர்கள் கூடியது பக்கத்து டபார்ட் விடுதியில். அதுவும் அதே தீயில் எரிந்தது. திரும்பக் கட்டியதை 1873-இல் இடித்துவிட்டார்கள்.

சரி, ஜார்ஜில் உண்மையில் தங்கியவர்கள் யார்? பெரும்பாலும் குதிரை வண்டிப் பயணிகள். ரயில் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. முற்றத்தைச் சுற்றியிருந்த மூன்று பக்கங்களில் இரண்டை ரயில் கம்பெனியே இடித்தது. மிஞ்சிய ஒரு பக்கம் 1937-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. பெரிய பெயர் வேண்டுமென்றால் டிக்கன்ஸ் இருக்கிறார்: தன் நாவலொன்றில் இந்த விடுதியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்.