சாக்கடை சொல்வதையும் கேளுங்கள்

சாக்கடை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் ஊரில் நோய் பரவுகிறதா என்று கேட்டால், அதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவமனைக் கணக்கில் யார் வருகிறார்கள்? உடம்பு முடியாமல் போய், கூலியையும் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் மட்டும்தான். கழிவுநீரில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் சாக்கடைக் கணக்கில் ஏழை, பணக்காரர், அறிகுறியே இல்லாதவர் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

போலியோவையே பாருங்கள். தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தை முடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்வோம் என்றால், அதற்குள் அது எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கும்!

2022இல் லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்கியிருக்கவில்லை. அதற்காகக் காத்திருக்காமல், ஆகஸ்டில் 1 முதல் 9 வயது வரையுள்ள லண்டன் குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி அறிவித்தார்கள். பொதுச் சுகாதாரம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இந்தக் கழிவுநீர்ச் சோதனையில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது ஒரு மிளகாய் வைரஸ். மிளகாய்ச் செடியைத் தாக்குவது. உணவோடு நம் வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும். ஆய்வகத்தில் கலங்கிய கழிவுநீரில் நோய்க்கிருமியின் அளவைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து அளக்கிறார்கள். மழைநீர் கலந்து கழிவுநீர் நீர்த்துப்போனால் இரண்டுமே குறையும். மிளகாய் வைரஸ் குறையாமல் நோய்க்கிருமி மட்டும் குறைந்திருந்தால்தான் நிம்மதி.

ஊர் முழுவதன் கழிவும் கலந்து வருவதால் தனி ஆளை யாரும் அடையாளம் காண முடியாது. ஒரே ஒரு கட்டடத்தின் குழாயில் மாதிரி எடுப்பது வேறு விஷயம். அங்கே குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கொரோனா பயத்தில் தொடங்கிய கழிவுநீர்ச் சோதனையைப் பயம் தெளிந்ததும் செலவு என்று சொல்லி நிறுத்தக் கூடாது. நோய் இல்லாத நாளின் அளவு தெரிந்தால்தானே கூடியதைக் கண்டுபிடிக்க முடியும்?

எச்சரிக்கை வந்தாலும் கை கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலஸ்தீனத்தின் காசா பகுதியே சாட்சி. 2024 ஜூனில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளிலேயே போலியோ வைரஸ் இருந்தது. ஆகஸ்டில் 10 மாதக் குழந்தை ஒன்றின் கால் முடங்கியது போலியோவால்தான் என்று உறுதியானது. குண்டுகளுக்கு நடுவே சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது செப்டம்பர் பிறந்திருந்தது.