செயின்ட் ஜான்ஸ் நினைவுச்சின்னம் கனடா கட்டினது இல்லைங்க

மேல ஒருத்தர் நியூஃபவுண்ட்லாந்து தீவோட தலைநகர் செயின்ட் ஜான்ஸ்ல இருக்கிற போர் நினைவுச்சின்னத்த கனடா அரசாங்கம்தான் கட்டுச்சு, அங்க ஜூலை 1ன்னா கனடா டே, அதாவது கனடாவோட தேசிய நாள் கொண்டாட்டம் மட்டும்தான்னு போட்டிருக்கார், ரெண்டுமே தப்புங்க. அத திறந்தது 1924 ஜூலை 1, நியூஃபவுண்ட்லாந்து கனடாவோட சேர்ந்ததே 1949லதான். அந்தத் தேதியும் சும்மா வச்சதில்ல, முதல் உலகப்போர்ல, 1916 ஜூலை 1 காலைல பிரான்ஸ்ல போமான்ட் ஹாமெல்ங்கிற இடத்துல நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவு பசங்க சுமார் 800 பேர் பதுங்குகுழிய விட்டு ஏறி ஜெர்மன் படைய தாக்கப் போனாங்க, மறுநாள் பேர் கூப்பிட்டப்போ குரல் கொடுத்தது வெறும் 68 பேர். அவ்ளோ சின்ன ஜனத்தொகைல எத்தன வீட்டுல இழவு விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் இன்னைக்கும் அங்க ஜூலை 1 காலைல கொடி அரைக்கம்பத்துல, இறந்தவங்க நினைவா சட்டைல குட்டி நீலப் பூ, மதியத்துக்கு மேலதான் கனடா டே. 2024ல அடையாளம் தெரியாத நியூஃபவுண்ட்லாந்து வீரர் ஒருத்தரோட உடல பிரான்ஸ்ல இருந்து கொண்டுவந்து இந்த நினைவுச்சின்னத்துலதான் அடக்கம் பண்ணாங்க.