செம்பு மூடி

பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது மூணு வயசுகூட ஆகவில்லை. காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி வாரம் ரெண்டு நாள் ஒரு தெரபி சென்டருக்குப் போவோம். முக்கால் மணி நேரம் அவன் கதவுக்கு உள்ளே, நானும் அவன் அம்மாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நல்லா கோஆபரேட் பண்றான் சார்." எட்டு மாசம் இதே பதில்.

அவனுக்கு எவர்சில்வர் செம்பு மூடியைத் தரையில் சுற்றிவிட வேண்டும். கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, அது கிறுகிறுத்து அடங்கும்வரை பார்ப்பான். பிடுங்கி வை என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நானும் பிடுங்கியிருக்கிறேன்.

பிறகு பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மாதான், "நீங்களும் ஒரு மூடி எடுத்துட்டு பக்கத்துல படுங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க" என்றார். படுத்தேன். முதல் வாரம் என் மூடியைத் தள்ளிவிட்டான். ஒருநாள் சாயங்காலம் சுற்றாமல் கையிலேயே வைத்துக் காத்திருந்தேன். மூடியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். என் விரலைப் பிடித்து மூடிமேல் வைத்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் இதற்கு ஃப்ளோர்டைம் என்று பேர் வைத்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்னொன்றும் படித்தேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு, 2016இல் வெளியானது. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக்காட்டிப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் ஸ்பெஷலிஸ்ட்டுகள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியது.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வருகிறபோது, இதைச் சொல்லித்தர ஒருவர் வரக்கூடாதா? மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற அம்மா, வாரத்தில் ரெண்டு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த சென்டருக்குப் போவாள்?

அதற்காக எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டிவிடாதீர்கள். "வீட்ல வெளாடலையா?" என்று அவளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. தெரபிஸ்ட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து எங்களையும் உள்ளே உட்கார வையுங்கள் என்கிறேன்.

பேச்சு இன்னும் நாலைந்து வார்த்தைதான். அதில் ஒன்று "சுத்து". வீட்டில் ஒரு செம்புக்கும் மூடி கிடையாது, மாமியார் வந்தால் திட்டு எனக்குத்தான்.