கூட்டுக்கு வழி சொல்லாதீர்கள்

ஓடைக்கரையில் அரெங்கா என்ற சீழ்க்கைக் குருவியின் கூட்டை எடுத்து, இடத்தையும் சேர்த்துப் போட்ட படத்தைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "குருவி எண்ணுகிறவருக்கு வயிற்றெரிச்சல்" என்று படம் போட்ட தம்பி என்னைப் பற்றி எழுதியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

வயிறு எரிகிறதுதான் தம்பி. உங்களுக்கு விழுந்த லைக்குக்காக இல்லை.

நான் சொன்னது ஒன்றுதான்: கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். படம் எடுக்காதே என்று சொல்லவில்லை. அரெங்கா இலங்கைத் தீவை விட்டால் உலகத்தில் எங்கேயும் கிடையாது. தீவுக்குள்ளும் மலைநாட்டு ஈரக்காட்டில், பெரும்பாலும் ஓடையை ஒட்டித்தான் இருக்கும். ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு. அதன் கூட்டுக்கு லொக்கேஷன் போட்டு, எத்தனை மணிக்குப் போனால் கிட்டத்தில் எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை அங்கே பதினொரு பேர். ஒருவர் ஸ்பீக்கரில் அதன் குரலை ஓடவிட்டார். ஆண் பறவைக்கு அது இன்னொரு ஆண் உள்ளே வந்துவிட்ட சத்தம். இரை தேடுவதை விட்டுவிட்டுக் கல்லுக்குக் கல் பறந்தபடியே இருந்தது. தோளில் இருக்கும் அந்த நீலம் மட்டும் நிழலில் மின்னி மின்னி மறைந்தது. பெட்டை வாயில் புழுவோடு எதிர்க்கரைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்த வரையில் கூட்டுக்கு வரவே இல்லை.

என் அப்பா தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் பார்த்தவர். விடியற்காலையில் காட்டுக்குள் ஏறி, தொட்டி வாயில் அடைத்த இலையை அள்ளிப்போட்டு வருவார். அரெங்கா அவருக்கு விசில் குருவி. பாறை இடுக்கில் பாசி வைத்துக் கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார், மேலே சுற்றிக்கொண்டு இறங்குவார். எனக்கும் ஓடையின் இந்தப் பக்கம் நின்றுதான் காட்டினார்.

"எண்ணுகிறோம் என்று நீங்கள் மட்டும் போகலாமா?" நியாயமான கேள்வி. நாங்கள் கூட்டுக்குப் போவதே இல்லை. மாதம் ஒரு தடவை, அதே பாதை, அதே நேரம். எந்த வளைவில் எத்தனை சீழ்க்கை கேட்டது என்று எழுதுவோம். அலகில் இரையோடு ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போனால் குஞ்சு இருக்கிறது என்று குறிப்போம். பின்னாலேயே போக வேண்டியதில்லை. ஒன்றும் கேட்காத நாளில் 0 என்று எழுதுவோம். அந்த 0 இல்லாவிட்டால் பறவை குறைகிறது என்று யாரிடமும் காட்ட முடியாது. உங்கள் கூட்டத்துக்குப் பயந்து அது வாயை மூடினால், எங்கள் கணக்கும் பொய்யாகிவிடும்.

"நுவரெலியா விக்டோரியா பார்க்கில் எல்லோரும் எடுக்கிறார்களே?" அங்கே நீங்கள் எடுக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் குளிருக்கு வந்து போகிறவை. கூடு இங்கே இல்லை. தொந்தரவு என்றால் அடுத்த மரத்துக்குப் போய்விடும். குஞ்சை விட்டுவிட்டு அரெங்கா எங்கே போகும்?

"படம் பார்த்தால்தான் மக்களுக்கு அக்கறை வரும்." வரட்டும். படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள்.

அப்புறம் ஒருவர், காட்டை அழித்ததே தோட்டத்து ஆட்கள்தான் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இந்த மலையை வெட்டச் சொன்னது யார், நாட்கூலிக்கு வெட்டியது யார்? அரெங்காவின் அறிவியல் பெயரிலேயே பிளை என்ற வெள்ளைக்காரக் கோப்பித் தோட்டக்காரரின் பெயர் இருக்கிறது. அந்தப் பறவைக்காகத் தினமும் சுற்றிப்போன என் அப்பாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்களை ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனபோது, "படித்தவர்கள் யாராவது சேர்ந்து செய்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். புத்தகத்தை யாரும் திறக்கவில்லை.

இன்று காலை தூர நின்று ஒரு மணி நேரம் கேட்டேன். கீழ் வளைவில் ஒரு குரல். கூட்டுப் பக்கம் 0.

படம் இன்னும் லொக்கேஷனோடு அப்படியே கிடக்கிறது. எடுத்துவிடுங்கள் தம்பி.