ஐந்து ஏக்கரின் விலையை விடுங்கள், கிணற்று அனுமதியைக் கேளுங்கள்

அமெரிக்காவில் தற்சார்பாக வாழ எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நல்லது என்று பேச்செடுத்தால் கொலராடோவின் தெற்குக் கோடியில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் கோஸ்டியா கவுண்டியின் பெயர் வராமல் இருக்காது. "நாளைக்கே எல்லாம் கவிழ்ந்துவிட்டால்?" என்று அரிசியும் பேட்டரியும் சேர்த்து வைக்கும் பிரெப்பர்களுக்கும் அது பிடித்த இடம். சுமார் 1,230 சதுர மைல் பரப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 3,499 பேர்தான். பக்கத்தில் பெருநகரம் கிடையாது. பழைய கார் வாங்கும் பணத்தில் 5 ஏக்கர் மனை வாங்கிவிடலாம். வெயிலுக்கும் பஞ்சமில்லை.

ஆள் இல்லாத இடம் பாதுகாப்பானது என்பது அவர்கள் கணக்கு. ஏன் ஆள் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கவுண்டியை எடைபோட அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். கோஸ்டியாவில் அதற்குப் பதில் தண்ணீர்.

மழை குறைவு என்பது பாதிக் கதைதான் (பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டுக்கு 7 முதல் 10 அங்குலம்). மீதிக் கதை சட்டத்தில் இருக்கிறது. கொலராடோவில் நிலம் உங்களுடையது என்பதாலேயே அடியில் இருக்கும் தண்ணீர் உங்களுடையது ஆகிவிடாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. இந்தக் கவுண்டி அடங்கிய ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையில் இருக்கிற தண்ணீரைவிட அதன் மேல் எழுதிவைத்த உரிமைகள் அதிகம். அதனால் 35 ஏக்கருக்குக் குறைவான மனைக்குப் பெரும்பாலும் கிடைப்பது "வீட்டுக்குள் மட்டும்" என்ற கிணற்று அனுமதி. அந்தத் தண்ணீரில் குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். வாசலில் நிற்கும் தக்காளிச் செடிக்கு ஊற்றக் கூடாது, ஆட்டுக்கும் வைக்கக் கூடாது. 35 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்து, அந்த நிலத்தில் அது ஒன்றே கிணறாகவும் இருந்தால் பொதுவாக நிமிடத்துக்கு 15 கேலன் வரை எடுக்கலாம். கால்நடைக்கும் ஒரு ஏக்கர் தோட்டத்துக்கும் பாய்ச்சலாம். விளம்பரத்தில் வரும் 5 ஏக்கருக்கும் இந்த 35 ஏக்கருக்கும் இடையேதான் உங்கள் தற்சார்பு இருக்கிறது.

மழைநீரைப் பிடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். 2016 சட்டப்படி ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், இரண்டும் சேர்த்து 110 கேலன். குழாய்த் தண்ணீர் வராத, கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள கிராமப்புற வீடுகள் கூரைநீரைக் கூடுதலாகப் பிடிக்க 2009 சட்டத்தில் தனி அனுமதி உண்டு. ஆனால் கிணற்று அனுமதி எந்தப் பயனை ஒத்துக்கொள்கிறதோ அதற்கு மட்டும்தான். சுற்றிச் சுற்றி அதே தக்காளிச் செடியிடம் வந்து நிற்கிறோம்.

அடுத்தது வண்டியில் ஏற்றிவருவது. சிக்கனமாக ஆளுக்கு 40 லிட்டர் என்றாலும் நான்கு பேருக்கு மாதம் 4,800 லிட்டர். கம்பிக்கூண்டு வைத்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். சாதாரண பிக்கப் வண்டி பலவும் முக்கால் டன் வரைதான் தாங்கும். முழுக்க நிரப்பி ஏற்றுகிறவர்கள் பின்பக்க ஸ்பிரிங்கையோ பிரேக்கையோ பலி கொடுக்கிறார்கள். 100 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு வாரம் 25 மில்லிமீட்டர் நனைக்க 2,500 லிட்டர் வேண்டும். அந்த வறண்ட காற்றில் இதுவே போதாது. டீசல் செலவைச் சேர்த்தால் கடையில் காய் வாங்குவது மலிவு.

குளிரும் லேசுப்பட்டதல்ல. தரைமட்டமே ஏறக்குறைய 8,000 அடி உயரம். உறைபனி இல்லாத நாட்கள் சுமார் மூன்று மாதம். செப்டம்பர் தொடக்கத்திலேயே செடி கருகலாம். உருளை, பார்லி, பட்டாணி, ஃபாவா என்ற அகன்ற அவரை வரும். தக்காளி, மிளகாய்க்குப் பிளாஸ்டிக் கூடாரம் வேண்டும், அதையும் வசந்தகாலக் காற்று கிழித்துவிடும். பக்கத்து ஊரான அலமோசாவில் 1948 ஜனவரியில் பதிவான குளிர் மைனஸ் 50 பாரன்ஹீட் (சுமார் மைனஸ் 46 செல்சியஸ்).

சோலார் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். குளிரில் பேனலின் வோல்டேஜ் கூடும். 45 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் 25 டிகிரி செல்சியஸில் 135 வோல்ட், மைனஸ் 35-இல் ஏறத்தாழ 158. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரின் உச்சவரம்பு 150 என்றால் ஜனவரிக் காலையில் சூரியன் உதித்ததும் அது புகைந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வைக்க வேண்டும். ஜெனரேட்டரும் இந்த உயரத்தில் கால்வாசிச் சக்தியை இழக்கும். கம்பெனி சொல்லும் வாட்டை நம்பி வாங்காதீர்கள். தண்ணீர் டேங்கில் முதலில் வெடிப்பது அடியில் இருக்கும் வால்வு. அதன் உருண்டைக்குள் சிக்கிய தண்ணீர் உறைந்து உடைக்கும். டேங்கைக் காலி செய்தபின் வால்வைப் பாதி திறந்தே விட வேண்டும்.

விறகு? பள்ளத்தாக்கின் தரையில் மரமே கிடையாது, கவுண்டியில் பொது நிலமும் அநேகமாக இல்லை. கிழக்கு மலையில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் உரிமை உண்டு என்று 2002-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அது பழைய மெக்சிகோ கால நிலக்கொடையில் குடியேறியவர்களின் நிலங்களை இன்று வைத்திருப்பவர்களுக்கு. மனை வாங்கி வருகிறவருக்கு அல்ல. மலையோர மனைகளில் மரம் உண்டு, கூடவே தீயும் உண்டு: 2018 ஸ்பிரிங் கிரீக் தீ ஃபோர்ட் கார்லண்ட் பக்கத்தில் தொடங்கி 1 லட்சத்து 8 ஆயிரம் ஏக்கரை எரித்தது.

அப்படியானால் இந்தக் கவுண்டி தேறாதா? ஒரு மூலை தேறும். 1851-இல் உருவான சான் லூயிஸ் ஊரைச் சுற்றி, குலேப்ரா ஆற்றிலிருந்து அசேக்கியா என்ற மண் வாய்க்கால்கள் ஓடுகின்றன. அதில் ஒன்றின் 1852 உரிமைதான் மாநிலத்திலேயே பழையது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் சரிவில் தானாக வருகிறது. வசந்தத்தில் எல்லோரும் கூடித் தூர் வாருவார்கள், வாய்க்காலை மேற்பார்க்கும் மயோர்தோமோ முறை வைத்துத் திறந்துவிடுவார். குடிமராமத்து என்றால் நமக்குப் புரியும். உண்மையில் எல்லாம் கவிழ்ந்தால் ஓடக்கூடியது இந்த வாய்க்கால்தான். தனியாளாக வேலி போட்டுத் துப்பாக்கியோடு உட்கார நினைப்பவருக்கு அதில் இடமில்லை. மண்வெட்டியோடு வருபவருக்கு உண்டு, நிலம் விலைக்கு வந்தால். பத்திரத்தில் நீர் உரிமை தனியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த மாநிலத்தில் நிலத்தை விற்றுவிட்டு நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும்.

இதையெல்லாம் மீறி மனைதான் வேண்டும் என்பவர்கள் பணம் கட்டும் முன் மாநில நீர்வளப் பிரிவின் இணையதளத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழம், நீர்வரத்து, அனுமதி வகை மூன்றையும் பாருங்கள், இலவசம்தான். மனையில் சிக்கோ என்ற கிரீஸ்வுட் புதர் மண்டிக்கிடந்தால் மண் உவர். கவுண்டி அலுவலகத்தில் செப்டிக் இல்லாமல் வண்டிவீட்டில் எத்தனை நாள் தங்க விடுவார்கள் என்று கேளுங்கள், ஏற்கெனவே இதில் பெரிய தகராறு நடந்த கவுண்டி இது. வரைபடத்தில் உள்ள சாலை தரையில் இருக்கிறதா, பனியை யார் தள்ளுவார்கள் என்றும் கேளுங்கள். தரகர் ஜூலையில் கூட்டிப்போவார். நீங்கள் பிப்ரவரியில் போய், மனையிலிருந்து அலமோசா ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.