வெள்ளை ஹாலும் ஒயர் நாற்காலியும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் மடிப்பாக்கத்தில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது, ஹாலை ஸ்காண்டிநேவியன் ஸ்டைலில்தான், அதாவது ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மாதிரி வட ஐரோப்பிய நாடுகளின் பாணியில்தான் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டுக்காரருக்கு டிவி எந்தச் சுவரில் வரும் என்று தெரிந்தால் போதும். அத்தைதான் என் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவங்கெல்லாம் இன்னும் குடி வரலையா?" என்று கேட்டார்.

சிரித்தோம். அப்புறம் மூன்று லட்சத்துச் சொச்சம் செலவழித்து, அதே மாதிரி குடிவராத வீடு ஒன்றை நாங்களும் செய்துகொண்டோம். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். சாம்பல் நிற சோஃபா. குச்சிக் கால் வைத்த டீப்பாய். பைன் மரம் போலத் தெரியும் லேமினேட் ஒட்டிய டிவி யூனிட். ஜன்னலுக்குக் கொசுவலை கனத்தில் வெள்ளைத் திரை. தரையில் செம்மறி ஆட்டை உரித்துப் போட்ட மாதிரி புசுபுசுவென்று ஒரு விரிப்பு. சுவரில் கொம்பு வைத்த மான் படம் ஒன்று. மான் வேண்டுமென்றால் கிண்டிக்குப் போய் நேரிலேயே பார்த்திருக்கலாம், அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அந்த ஹாலின் படங்களை இங்கேதான் போட்டேன், நீங்களும் லைக் போட்டீர்கள். அதனால் மிச்சக் கதையையும் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் வந்தது. எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் ஹாலில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார முடியவில்லை. வெள்ளைச் சுவர் ஒரு பக்கம் அடிக்கிறது, பில்டர் போட்டுக்கொடுத்த பளபளா டைல்ஸ் இன்னொரு பக்கம் அடிக்கிறது. மகன் ஒருநாள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினான். விளையாட்டுக்குத்தான், ஆனால் கழற்றவில்லை. கடைசியில் கனமான கறுப்புத் திரை ஒன்று வாங்கி மாட்டி, பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டோம்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 59 டிகிரி வடக்கே. டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டே முக்காலுக்குச் சூரியன் உதித்து, பிற்பகல் மூன்றடிப்பதற்குள் மறைந்துவிடும். உச்சிவேளையில்கூட அடிவானத்திலிருந்து ஏழு டிகிரி உயரம்தான். அப்படி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வெயிலில் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்றுதான் சுவருக்கு வெள்ளை, தரைக்கு வெளிறிய பலகை, ஜன்னலுக்கு மெல்லிசாக ஒரு துணி, இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். பசிக்கிறவனுக்குச் சொன்ன பத்தியத்தை அஜீரணக்காரி நான் கடைப்பிடித்திருக்கிறேன்.

அடுத்து டிவி யூனிட். ஸ்காண்டிநேவியாவில் எப்படியோ, நம் வீடுகளில் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்போம். எட்டு மாதத்தில் அடிப்பலகை ஓரமாக லேமினேட் உதடு பிரிந்த மாதிரி விலகியது. விரலால் அழுத்திப் பார்த்தேன். டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி பொதபொதவென்று இருந்தது, நகத்துக்குள் மரத்தூள் வந்தது. உள்ளே இருந்தது பைனும் இல்லை, பிளைவுட்டும் இல்லை. தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. செய்துகொடுத்தவர் "ஈரம் ஏறவே ஏறாது மேடம்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புசுபுசு விரிப்பு நவம்பர் மழைக்கே தாங்கவில்லை. வெயிலில் போடலாம் என்றால் வெயில் இல்லை. நனைந்த நாய் வாசனை. ஒருநாள் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மறுநாள் கேட்டுக்குப் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு நாய் அதில் படுத்திருந்தது.

இவ்வளவு புலம்பினாலும் அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்கப் படிக்க மரியாதைதான் கூடியது. நாம் எடுத்துக்கொண்டது அவர்களுடைய நிறத்தை. அவர்கள் மெனக்கெட்டதோ வேறு விஷயங்களுக்கு.

விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் போல் ஹென்னிங்சன் என்று ஒருவர், 1920-களிலிருந்தே பல்பு கண்ணில் குத்தாமல் வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்று அடுக்கடுக்காக மூடி வைத்து விளக்கு செய்துகொண்டிருந்தார். 1958-ல் அவர் செய்த பி.எச்.5 விளக்கை இன்றைக்கும் அங்கே சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கவிடுகிறார்கள். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? நடு ஹாலில் ஆஸ்பத்திரி வெளிச்சம். பல்பு டப்பாவில் கெல்வின் என்று வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் ஓர் எண் இருக்கும், பாருங்கள். நாம் கேட்டு வாங்குவது 6500, நீலம் கலந்த வெள்ளை. 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, சோஃபா ஓரத்தில் ஒன்றும் ஊஞ்சல் பக்கத்தில் ஒன்றுமாகக் கூடு போட்ட இரண்டு 2700 விளக்குகள் வைத்தேன். எலெக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, கல்யாண மண்டபத்துல கரண்ட் போன மாதிரி இருக்கே" என்றான். இருக்கட்டும். ஏழு மணிக்கு மேல் அந்த ஹாலில் எல்லோருடைய குரலும் கொஞ்சம் தணிந்துவிடுகிறது. நான் செலவு செய்ததிலேயே உருப்படியானது இதுதான், மொத்தமே இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

மரத்துக்கு வருகிறேன். ஃபின்லாந்தின் அல்வார் ஆல்டோ 1933-ல் செய்த மூன்று கால் ஸ்டூலைப் பார்த்திருப்பீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அது பிர்ச் மரம். ஏன் பிர்ச்? அவர் ஊர்க் காட்டில் அது மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதே கணக்கில் பார்த்தால் நமக்குப் பக்கத்தில் இருப்பது தேக்கு, மூங்கில், கோரை, கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரம். ரப்பர் மரம் நிறத்திலும் வெளிறியதுதான், அந்தப் படங்களில் பார்த்த மாதிரியே இருக்கும். இப்போது என் போனைத் திறந்தால் 'இரண்டு பெட்ரூம் ஸ்காண்டிநேவியன் பேக்கேஜ்' என்று விளம்பரமாகக் கொட்டுகிறது. அதை எடுக்கப்போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லேமினேட்டுக்கு உள்ளே என்ன மரம்? பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பொங்கல் லீவில் தரங்கம்பாடி போயிருந்தோம். 1620-ல் கோட்டை கட்டியதிலிருந்து 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, இருநூறு வருடத்துக்கு மேல் டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் இருந்த ஊர். அங்கே கவர்னர் பங்களாவின் தூண்களுக்கு நடுவே தாழ்வாரத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசல் ஸ்காண்டிநேவியன் ஆள், நம் கடற்கரையில் வீடு கட்டும்போது, வெயிலை வாசலிலேயே நிறுத்தத் தாழ்வாரம் கட்டியிருக்கிறான். மடிப்பாக்கத்து நான் மட்டும் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு வெயிலை வா வா என்று உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் பால்கனிக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டினேன். கறுப்புத் திரை போனது. சோஃபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மட்டும் மங்கலான காவி அடித்தோம். விரிப்புக்குப் பதில் பவானி ஜமுக்காளம். அழுக்கானால் துவைத்துக் கொடியில் போடலாம். டிவி இப்போது பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய தேக்கு பெஞ்சில் இருக்கிறது, நாலு கால்களுக்கு நடுவே துடைப்பம் தாராளமாகப் போய்வருகிறது. ஷோகேஸ் வைக்கக் கூடாது என்று அப்போதே பிடிவாதமாக இருந்ததை மட்டும் மாற்றவில்லை. காலி இடம் காலியாகவே இருக்கிறது. நவராத்திரிக்கு அங்கே ஏழு படி வைத்தோம். அத்தை முதல்முறையாக இந்த ஹாலைப் பாராட்டினார்: "கொலுவுக்குன்னே விட்ட மாதிரி இருக்கு."

கடைசியாக நாற்காலி. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த ஒரு நாற்காலி உலகப் பிரசித்தம். சீன நாற்காலிகளைப் பார்த்து வந்த யோசனை, இருக்கை மட்டும் முறுக்கிய காகிதக் கயிற்றில் கையால் பின்னியது. ஒரு நாற்காலிக்கு 120 மீட்டர் போல கயிறு பிடிக்குமாம். அந்தப் பின்னலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. அம்மா வீட்டு மொட்டைமாடி ரூமில் குப்புறக் கிடக்கிற ஒயர் நாற்காலிகள். இரும்புக் குழாய்ச் சட்டம், பச்சையும் வெள்ளையுமாக ஒயர். சின்ன வயதில் அரை நிக்கரோடு உட்கார்ந்து எழுந்தால் தொடையில் கட்டம் கட்டமாக அச்சு விழும். காற்று கீழிருந்து வரும், முதுகு வேர்க்காது.

இரண்டையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சட்டத்தைத் தேய்த்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தாயிற்று. ஒன்று நன்றாக இருக்கிறது, இந்தப் பதிவை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னொன்றில் நடுவே ஏழெட்டு இழை அறுந்திருக்கிறது. முன்பெல்லாம் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள், இப்போது காணோம். மடிப்பாக்கம், வேளச்சேரி, நங்கநல்லூர் பக்கம் ஒயர் நாற்காலி பின்னுகிறவர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அதே பச்சை வெள்ளைதான் வேண்டும்.