நெட்வொர்க்கில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

யூடியூப் சேனல் ஆயிரம் சப்ஸ்கிரைபரைத் தாண்டி மானிட்டைசேஷன், அதாவது விளம்பர வருமானம், கிடைத்த கையோடு "எங்கள் நெட்வொர்க்கில் சேருங்கள்" என்று ஏதோ ஒரு கம்பெனியிடமிருந்து மெயில் வரும். "உங்கள் வீடியோக்கள் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன" என்று ஆரம்பிக்கும். எந்த வீடியோ பிடித்தது என்று மட்டும் அதில் இருக்காது, ஏனென்றால் அதே மெயில் அதே நாளில் சமையல், ஜோசியம், மொபைல் ரிவ்யூ, மாடித்தோட்டம் என்று சகலருக்கும் போயிருக்கும். வருமானம் கூடும், காப்பிரைட் தொல்லை இருக்காது, ஸ்பான்சர் பிடித்துத் தருவோம், யூடியூப்பில் எங்களுக்கு நேரடியாக ஆள் இருக்கிறார், இந்த நாலும் ஏதோ ஒரு வரிசையில் வரும். எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது, சின்னச் சின்ன சேனல்களுக்கு வேலை பார்க்கிறேன் என்பதால் அந்த மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி "அண்ணே, சேரலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். என் பதில், பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யூடியூப் பார்ட்னர் புரோகிராம் என்பது யூடியூப் உங்களோடு நேரடியாகப் போடுகிற ஒப்பந்தம். நெட்வொர்க், அதாவது எம்சிஎன் (மல்டி சேனல் நெட்வொர்க்), பல சேனல்களைத் தன் கீழ் சேர்த்துக்கொண்டு வருமானத்தில் பங்கு எடுக்கிற, வெளியில் இருக்கிற தனியார் கம்பெனி. மெயிலில் "பார்ட்னர்" என்ற சொல்லைப் பார்த்ததும் யூடியூப்பே கூப்பிடுகிறது என்று நம்பிச் சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இந்த நெட்வொர்க்குகள் தனக்குச் சொந்தமானவை இல்லை என்று யூடியூப்பே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு காலத்தில் நெட்வொர்க்குக்கு நியாயமான தேவை இருந்தது. யூடியூப் 2007இல் பார்ட்னர் புரோகிராமைத் தொடங்கியபோது அது தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீடியோவில் விளம்பரம் ஓட வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒரு கம்பெனியின் குடைக்குக் கீழ் போவது சுலபமான வழி. 2012இல் யூடியூப் அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2018இல் ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரம் பார்வை என்று விதி வந்தபோது நெட்வொர்க்கில் இருந்த சேனல்களுக்கும் அதே விதிதான். ஆகவே "எங்களிடம் வந்தால் ஆயிரம் சப்ஸ்கிரைபர் இல்லாமலே விளம்பரப் பணம் வரும்" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

காப்பிரைட் கதையும் அப்படித்தான். அடுத்தவர் பாட்டோ காட்சியோ ஒரு வீடியோவில் இருந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப்பின் ஏற்பாடு காண்டென்ட் ஐடி. 2013 டிசம்பர் வரை நெட்வொர்க்கில் இருந்த சேனல்களை அது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. அந்த மாதம் யூடியூப் முறையை மாற்றி, நெட்வொர்க் முழுப் பொறுப்பு ஏற்கிற சேனல்கள் ஒரு பக்கம், சும்மா இணைத்து வைத்திருக்கிற சேனல்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்தது. இரண்டாவது வகைக்கு, முக்கியமாக கேமிங்காரர்களுக்கு, ஒரே வாரத்தில் கிளைம்கள், அதாவது "இது எங்களுக்குச் சொந்தம்" என்ற உரிமை கோரல்கள், மழையாகக் கொட்டின. இன்று சின்ன சேனலை ஒரு நெட்வொர்க் சேர்த்துக்கொண்டால் அநேகமாக அந்த இரண்டாவது வகையில்தான் வைக்கும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் கிளைம் வரும், நெட்வொர்க்கில் இருந்தாலும் வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். வழக்கமான நீள வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் யூடியூப் 45 சதவீதம் எடுத்துக்கொண்டு 55 கொடுக்கிறது. நூறு ரூபாய் வந்தால் உங்களுக்கு 55. நெட்வொர்க் தன் பங்கை இந்த 55இல் இருந்துதான் எடுக்கும். 20 சதவீதம் என்றால் 11 ரூபாய் போய் 44 மிஞ்சும். 30 என்றால் பதினாறரை போய் முப்பத்தெட்டரை. "வெறும் இருபது பர்சென்ட்தானே" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நெட்வொர்க் வந்த பிறகு உங்கள் விளம்பர வருமானம் கால் மடங்கு கூடினால்தான் பழைய 55 கைக்கு வரும், அதைக் கூட்ட அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? விளம்பரத்தை விற்பது கூகுள். ஏலத்தில் ரேட்டைத் தீர்மானிப்பது விளம்பரதாரர்கள், பார்வையாளர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மாதம், என்ன விஷயம் என்பவை. சொந்தமாக விளம்பரம் விற்கிற ஆட்கள் இருக்கிற பெரிய நெட்வொர்க்காக இருந்தால் பேச்சு வேறு. ஆனால் நம் இன்பாக்ஸுக்கு வருகிற நெட்வொர்க்குகளில் பாதிக்கு மேல், டைட்டில் எப்படி வைப்பது, தம்ப்நெயில் எப்படிச் செய்வது என்று ஒரு பிடிஎஃப் அனுப்புவதோடு சரி. அந்த பிடிஎஃபில் இருப்பதை யூடியூப்பே இலவசமாகச் சொல்லித்தருகிறது.

சதவீதத்தை விட எனக்குப் பயம் தருவது பணம் போகிற வழி. யூடியூப் ஸ்டுடியோவில் நெட்வொர்க்கின் அழைப்பை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு விளம்பர வருமானம் உங்கள் ஆட்சென்ஸுக்கு, அதாவது கூகுள் விளம்பரப் பணம் போடுகிற உங்கள் கணக்குக்கு, வராது. நெட்வொர்க்கின் கணக்குக்குப் போய், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவர்கள் தேதியில் உங்களுக்கு அனுப்புவார்கள். ஆட்சென்ஸில் நூறு டாலர் தாண்டினால் மாதம் 21ஆம் தேதிக்கு மேல் பணம் தானாகக் கிளம்பிவிடும், யாரையும் கெஞ்ச வேண்டாம். இங்கே ஒரு மேனேஜர் மனது வைக்க வேண்டும். எவ்வளவு வந்தது என்பதை உங்கள் ஸ்டுடியோவில் நீங்கள் பார்க்கலாமா கூடாதா என்பதையும் அவர்கள் பக்கத்தில் இருந்தே அமைக்க முடியும். உங்கள் வருமானத்தை உங்களுக்கே எக்ஸெல் ஷீட்டில் அனுப்புகிறவரை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

இதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவின் டிஃபை மீடியா. ஸ்மோஷ் மாதிரி பெரிய சேனல்களை வைத்திருந்த கம்பெனி, 2018 நவம்பரில் திடீரென்று கடையை மூடியது. அதன் நெட்வொர்க்கில் இருந்த சேனல்களின் ஆட்சென்ஸ் பணம் அப்போது டிஃபையின் கணக்கில் இருந்தது. உழைத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய அந்தப் பணம், கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களின் கணக்கு வழக்கோடு சேர்ந்துவிட்டது. கேம் தியரிஸ்ட்ஸ் சேனலின் மேத்யூ பேட்ரிக் உட்படப் பலர் வெளிப்படையாக இதைப் பேசினார்கள். கோடிக்கணக்கில் வியூஸ் வாங்குகிறவர்களுக்கே இந்தக் கதி. வக்கீல் வைக்க வசதியில்லாத நம் ஆட்கள் என்ன செய்வார்கள்?

அதே நாட்டில் மெஷினிமா என்று இன்னொன்று. கேமிங் சேனல்களுக்கு ஒரு காலத்தில் அதுதான் பெரிய வீடு. 2013இல் பிரெய்ன்டெட்லி என்ற பெயரில் வீடியோ போட்டுக்கொண்டிருந்த பிரிட்டன் இளைஞர், தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது என்பதைப் பிறகுதான் கவனித்து, அதை வெளியில் சொல்லி விலகப் போவதாக அறிவித்தார். காலவரையற்ற ஒப்பந்தம் என்ற விஷயமே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2019 ஜனவரியில் மெஷினிமா சேனலில் இருந்த வீடியோக்கள் எல்லாம் பிரைவேட் ஆக்கப்பட்டன. வருடக்கணக்கில் பலர் செய்த வேலை ஒரே நாளில் மறைந்தது. டிஸ்னி 2014இல் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மேக்கர் ஸ்டுடியோஸும் சில வருடங்களிலேயே ஆயிரக்கணக்கான சேனல்களைக் கழற்றிவிட்டது. நெட்வொர்க் நடத்துவதே லாபமில்லாத தொழிலாகிவிட்டது என்பதுதான் இந்தக் கதைகளில் எனக்குத் தெரிகிற விஷயம். லாபமில்லாத கம்பெனி, கைமாறுகிற கம்பெனி, உங்கள் பணத்தை நடுவில் வைத்திருக்கிறது. நீங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்ட ஆள் அங்கே அடுத்த வருடம் இருப்பாரா என்பதே நிச்சயமில்லை.

நம்மூர்ப் பக்கம் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா செட்டிநாட்டுச் சமையல் சேனல் வைத்திருக்கிறார். நல்ல கை, நல்ல பேச்சு, வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய பார்க்கும் சேனல். ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்தார், பெயர் வேண்டாம். ஒப்பந்தம் இரண்டு வருடம். அவருடைய கணவர் அந்த பிடிஎஃபை எனக்கு அனுப்பியபோது நான் முதலில் தேடியது காலம் முடியும் பகுதியை. இருந்தது. ஒப்பந்தம் முடிவதற்குத் தொண்ணூறு நாளுக்கு முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால் தானாகவே அதே காலத்துக்கு நீளும் என்று ஒரு வரி, அதுவும் "பொது" என்ற தலைப்புக்குக் கீழ் கொரியர் முகவரி, கையெழுத்து விவரங்களோடு சேர்ந்து கிடந்தது. அந்தத் தொண்ணூறு நாள் அப்போது கடந்து போயிருந்தது. இன்னொரு வரி, ஒப்பந்த காலத்தில் போட்ட வீடியோக்களுக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்றது. தீபாவளிப் பலகார வீடியோ ஒன்று வருடா வருடம் அக்டோபரில் எழுந்து ஓடும், அந்த சேனலின் சம்பாத்தியத்தில் பெரிய பங்கு அதுதான். அதுவும் அந்த வரிக்குள் மாட்டிக்கொண்டது. அந்தக் காலம் முழுக்க அவர்கள் கொண்டுவந்த ஸ்பான்சர் என்று பார்த்தால் ஒரு மசாலா கம்பெனி, அதுவும் அக்காவுக்கே நேரடியாக போன் செய்திருந்த கம்பெனிதான். பிரத்யேக ஒப்பந்தம் என்பதால் தானாக வந்ததிலும் அவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா மோசம் போனார் என்று சொல்லமாட்டேன், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடிதான் எல்லாம் நடந்தது. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் நெட்வொர்க் பயன்படும்? சொந்தமாகப் பாட்டு போடுகிறவர்களுக்குப் பயன்படலாம். கிராமியப் பாடகர், பக்திப் பாடல் ரெக்கார்ட் செய்கிறவர், குழந்தைகளுக்கான கார்ட்டூன் செய்கிறவர், இவர்களுடைய வேலையை நூறு பேர் டவுன்லோட் செய்து தங்கள் சேனலில் ஏற்றுவார்கள். காண்டென்ட் ஐடி இருந்தால் அந்த நூறு பேரின் வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தையும் உங்கள் பக்கம் திருப்பலாம். காண்டென்ட் ஐடியைத் தனி ஆளுக்கு யூடியூப் சுலபமாகத் தருவதில்லை, அதற்கு ஒரு நிறுவனம் வழியாகப் போவது நியாயம். அப்போதும் முழு சேனலையும் எழுதிக் கொடுக்காமல் காண்டென்ட் ஐடி உரிமை நிர்வாகத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறது. மற்றவர்களுக்கு, முழு வீடியோவை அப்படியே திருடிப் போடுகிறவனைப் பிடிக்க ஸ்டுடியோவிலேயே காப்பிரைட் மேட்ச் டூல் இருக்கிறது, அது போதும்.

ஸ்பான்சர் வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால் அதற்கு சேனலை இணைக்கவே தேவையில்லை. விளம்பரம் பிடித்துத் தருகிற ஏஜென்சிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கொண்டுவந்த ஆர்டருக்கு மட்டும் கமிஷன் என்று பேசிக்கொள்ளலாம், கொண்டுவரவில்லை என்றால் பைசா கிடையாது. காசு வாங்கிப் பேசுகிற வீடியோவில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2021லேயே விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியின் விதி வந்துவிட்டது, 2023இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாட்டினால் பத்து லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர் நீங்கள்தான், "ஏஜென்சிக்காரர் சொல்லவில்லை" என்பது அங்கே எடுபடாது.

இடையில் ஒன்று, வரி. ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டிலிருந்து வருவது, இந்திய நெட்வொர்க் தருவது உள்நாட்டுப் பணம். டிடிஎஸ் பிடிப்பார்கள், வருமானம் 20 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கும் மாறும். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் "இல்லண்ணே, இவங்க நல்லவங்களாத் தெரியுறாங்க" என்பவர்கள் இருப்பார்கள். நல்லது. நல்லவர்களாக இருந்தால் முப்பது நாள் நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியேறிய பிறகு பழைய வீடியோவில் பங்கு இல்லை, தானாக நீள்வது இல்லை, ஸ்டுடியோவில் வருமானம் முழுசாகத் தெரிய வேண்டும், அவர்கள் கொண்டுவராத ஸ்பான்சரில் கமிஷன் கிடையாது, இவையும் எழுத்தில் வரட்டும். ஏற்கெனவே அங்கே இருக்கிற இரண்டு சேனல்காரர்களின் நம்பரை வாங்காதீர்கள், அவர்கள் தருவது யார் நம்பராக இருக்கும் என்று தெரிந்ததுதானே. அந்த நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்தவர் ஒருவரை நீங்களே தேடிப் பிடித்துக் கடைசி மாதப் பணம் வந்ததா என்று கேளுங்கள். நான் சொன்ன திருத்தங்களை அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்கு நெட்வொர்க்கிடமிருந்து மறு மெயிலே வரவில்லை. வந்த ஒருவர் சேர்ந்திருக்கிறார், சுயமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர், இதுவரை பிரச்சினை இல்லை என்கிறார்.

ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் கமெண்டில் போட வேண்டாம், இன்பாக்ஸில் அனுப்புங்கள். காலம் முடியும் பகுதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அனுப்பினால் எனக்கும் நேரம் மிச்சமாகும்.